ஒன்பதாம் கட்டம்

வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு எது என்று பேராசிரியரைக் கேட்டால், அவர் யோசிக்கக்கூட மாட்டார். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், கல்லூரி கொடுத்த சுயமதிப்பீட்டுப் படிவத்தில் ஒன்பதாம் கட்டத்தை நிரப்பியதுதான் என்பார். அந்தக் கட்டத்துக்குப் 'பிற திறமைகள்' என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் அதில் நீளமாக ஒரு கோட்டை இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நம்மவர் அப்போது புதுசு. காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் கை அரிக்கும். 'ஜூடோ, கறுப்புப் பட்டை' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். அரை மதிப்பெண் கிடைத்தது.

அந்த அரை மதிப்பெண் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த மாதமே ஒழுங்குக் குழுவில் போட்டார்கள்.

"உங்களுக்குத்தான் சண்டை போடத் தெரியுமே!" என்று சிரித்தார் முதல்வர். சிரிப்பதற்கு முன்பே உத்தரவு தட்டச்சாகி மேசையில் இருந்தது.

அன்றிலிருந்து கேண்டீனில் எவன் எவனை அடித்தாலும், விடுதியில் எவன் சட்டை கிழிந்தாலும், வகுப்பு வாசலில் பியூன் வந்து நிற்பார். "சார், சண்டை." புள்ளியியல் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பேராசிரியர் ஓடுவார். அவர் போய்ச் சேர்வதற்குள் அடித்தவனும் அடிவாங்கியவனும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் மூச்சிரைக்க நின்று இரண்டு பேருக்கும் விளக்கக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டுத் திரும்புவார்.

உண்மையைச் சொன்னால், அவருக்குச் சண்டையே பிடிக்காது. ஜூடோவில் அவருக்குப் பிடித்தது விழுவது. எறிவதற்கு முன்னால் விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள், அவர் போய்வந்த ஜூடோ சங்கத்தில். தலையை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, கையால் விரிப்பைப் பளாரென்று அடித்து விழ வேண்டும். சரியாக விழுந்தால் வலிக்காது. ஒரு தச்சுப் பட்டறை ஆள் அவரை வாரம் நாற்பது தடவை தூக்கிப் போடுவான். "என்னய்யா, மூட்டை மாதிரி வர்றே? காலைப் பார்த்து வை!" என்று திட்டுவான். ஆராய்ச்சியும் வகுப்பும் விடைத்தாளும் அழுத்திய அந்தக் காலத்தில், வாரத்தில் இரண்டு மாலை அப்படிக் கீழே விழுந்து எழுந்தால்தான் அவருக்கு மனசு லேசாகும்.

கல்லூரி அதையும் விட்டுவைக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, பச்சை விரிப்பு வாங்கிப் போட்டு, 'பொறுப்பாசிரியர்' என்று அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டார்கள். வெளிச் சங்கத்துக்குப் போக நேரமில்லாமல் போயிற்று. மாணவர்கள் வந்தார்கள். இவரும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். ஆறேழு வருடம் ஓடியது. தொப்பை வந்தது. ஆனாலும் யாராலும் அவரைக் கீழே போட முடியவில்லை. பரவாயில்லையே, வயசாகியும் பிடி தளரவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

ஒரு நாள் இறுதியாண்டு மாணவன் ஒருவன் எதிரில் நின்றான். ஆள் பீரோ மாதிரி இருப்பான். பேராசிரியர் அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். இடுப்பைத் திருப்புவதற்குள் அவன் காற்றில் இருந்தான். தொப்பென்று விரிப்பில் விழுந்து, கையால் அடித்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"நான் இன்னும் தூக்கவே இல்லையேப்பா" என்றார் இவர்.

"தூக்கிட்டீங்க சார். செம தூக்கு சார்."

அடுத்த வாரம் அகமதிப்பீட்டு மதிப்பெண் போட வேண்டியிருந்தது. அது அவனுக்கும் தெரியும், சுற்றி நின்று கைதட்டிய மற்றவர்களுக்கும் தெரியும். அதுவரை தெரியாமல் இருந்தது இவர் ஒருவருக்குத்தான். எத்தனை வருடமாக இது நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தபோது அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றோடு பட்டையைச் சுருட்டி வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார். பலகையில் மட்டும் பெயர் அப்படியே இருந்தது. பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணக்கெடுப்புப் படிவங்களில் மக்கள் பதில் எழுதாமல் விட்டுவிடும் கட்டங்களைப் பற்றியது அது. காலியான கட்டத்தை என்ன செய்வது? அக்கம்பக்கத்துக் கட்டங்களில் இருப்பதை வைத்து, விடுபட்டது என்னவாக இருக்கும் என்று கணித்து நிரப்பலாம் என்பது ஒரு வழி. அதற்கு முந்நூறு பக்கம் எழுதினார். அந்த முந்நூறு பக்கத்தையும் கல்யாணமான புதிதில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தது அவர் மனைவி. அவ்வளவு உழைத்தும், இணைப் பேராசிரியர் என்ற இடத்தில் வந்து நின்றவர் நின்றவர்தான். பதினான்கு வருடம். நடுவில் துறைத் தலைவர் நாற்காலி மட்டும் வந்து சேர்ந்தது, வேறு யாரும் வேண்டாம் என்றதால்.

அந்த நாற்காலி இருந்த அறையைப் பார்த்தால் ஜூடோ அறையே மேல் என்று தோன்றும். கதவைத் திறந்தால் இடிக்கும் இரும்பு அலமாரி. சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். மேசைக்கு அந்தப்பக்கம் எப்போதும் யாராவது நின்றுகொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்பார்கள். துறைக் கூட்டத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே உளறிப் பார்த்தார். பரீட்சையை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்றார். எட்டுப் பேரும் தலையாட்டி, ஒருவர் அதைக் குறித்துக்கொள்ளவும் செய்தார். வீட்டிலும் தப்பவில்லை. மச்சினன் அவரை 'மாப்பிள்ளை சார்' என்றுதான் கூப்பிடுவான். இப்படியே வெறும் 'சார்' ஆகவே செத்துப்போய்விடுவோமோ என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

அவரைக் காப்பாற்றியது ஒரு சொத்தைப் பல்.

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், ஈறு நோய்ப் படத்துக்குக் கீழே இசைத் தாள் வைக்கும் நான்கு தாங்கிகள் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வாயில் பஞ்சோடு அதைக் கைகாட்டிக் கேட்டார். ஞாயிறு காலை நாங்கள் மூன்று பேர் வாசிப்போம், கிளாரினெட் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றார் டாக்டர். பேராசிரியருக்குப் படிக்கிற காலத்தில் கிளாரினெட் பழக்கம் உண்டு. பஞ்சோடு பஞ்சாகத் தலையாட்டினார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "புள்ளிவிவர ஆபீஸ்" என்று குழறினார். பொய் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

டாக்டர் வயலின். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய மனிதர், தன் வாயை அதிகம் திறக்க மாட்டார். தையற்காரம்மா ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார், எல்லாருக்கும் அவர் அக்கா. டிரம் அடிப்பவர் நகரப் பேருந்து ஓட்டுநர். தாளம் அவர் கையில், வாயும் அவரிடம்தான். பேராசிரியர் எந்தப் பாட்டை எடுத்தாலும் நடுவில் வேகம் பிடித்துவிடுவார். இரண்டாவது வாரமே ஓட்டுநர் அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"யோவ் அவசரம்! என்ன, கடைசி பஸ் போயிடுச்சா? ஏன்யா இப்படி ஓடுறே?"

"நான் சரியாத்தான் வாசிச்சேன்."

"கிழிச்சே. மறுபடி எடு. அக்கா, இந்த ஆளுக்குக் கால்ல ஒரு கயிறு கட்டுங்க."

பேராசிரியருக்கு அப்படி ஒரு ஆனந்தம். தப்பாக வாசித்தார், திட்டு வாங்கினார், திரும்ப வாசித்தார். எப்போதாவது முழுப் பாட்டையும் ஓடாமல் முடித்துவிட்டால், ஓட்டுநர் டிரம் குச்சியால் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "பார்றா!" என்பார். அந்த 'பார்றா'வுக்காக வாரம் முழுக்கக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். அந்த வார்த்தை காசு கொடுத்தாலும் கல்லூரியில் கிடைக்காது. கிளாரினெட்டை ஐந்து துண்டாகக் கழற்றலாம், கைப்பையில் விடைத்தாள்களுக்கு அடியில் அடங்கிவிடும். சக ஆசிரியர் ஒருவருக்கும் தெரியாமல் ஒன்பது வருடம் இப்படிக் காப்பாற்றினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. ஓட்டுநரின் மகள் இவர் துறையிலேயே வந்து சேர்ந்தாள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் எழுதுகிற பெண். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஓட்டுநர் அந்தத் துறைத் தலைவரைப் பற்றித்தான் பேசினார்.

"அந்த ஆளு சிரிச்சு யாரும் பார்த்ததே இல்லையாம். மூஞ்சி எப்பவும் பூட்டின கடை மாதிரி இருக்குமாம். என் பொண்ணு அவர் ரூம் பக்கம் போகவே பயப்படுது."

பேராசிரியர் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் விடைத்தாளை மட்டும் இன்னொரு ஆசிரியரிடம் திருத்தக் கொடுத்துவிடுவார். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று பத்துத் தடவையாவது வாயெடுத்தார். வாயெடுத்த ஒவ்வொரு தடவையும், "என்ன அவசரம், காத்தா வருது? ஊது" என்றார் ஓட்டுநர். ஊதினார்.

இந்த நேரத்தில்தான் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். எல்லாம் இப்போது கணினி வழி. அந்த இணையப் பக்கம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆளை வெளியே தள்ளிவிடும், இவர் அதைப் பார்த்துக் கத்துவார். அதனால் அந்த வேலையை மனைவி எடுத்துக்கொண்டார். கடவுச்சொல்கூட அவருக்குத்தான் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். மூன்று புள்ளி குறைந்தது. இவரிடம் படித்தவன் ஒருவன் இந்தத் தடவை இவரைத் தாண்டிப் போவது நிச்சயமாகிவிட்டது.

"ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கு" என்றார் மனைவி. "கலை, விளையாட்டுன்னு அஞ்சு புள்ளி வரைக்கும் தர்றாங்க. ஜூடோவை நிறுத்தி வருஷக்கணக்காச்சு, அது செல்லாது. கிளாரினெட்டைப் போடலாமே?"

"கோடு போடு."

"ஏங்க?"

"கோடு போடுன்னு சொன்னா போடேன்."

"சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? நல்ல விஷயம்தானே. திருடவா போறீங்க ஞாயித்துக்கிழமை?"

அவருக்கு விளக்கத் தெரியவில்லை. ஒரு ஓட்டுநரிடம் திட்டு வாங்குவதற்காகத்தான் போகிறேன், அது பறிபோனால் எனக்கு மூச்சு முட்டிவிடும் என்று கட்டின மனைவியிடம் எப்படிச் சொல்வது? வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவர், "அது மட்டும் எனக்கு இருக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். மனைவி அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். கணவர் எதற்கெல்லாம் கூச்சப்பட்டு எதையெல்லாம் கோட்டை விட்டார் என்று அவரிடம் ஒரு நீண்ட பட்டியலே இருந்தது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி வரை. அன்று பேராசிரியர் தேர்வு மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர். போனை அணைத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. பேராசிரியர். 'இணை' போய்விட்டது. துறையே வந்து கைகொடுத்தது. மச்சினன் போன் போட்டு, "மாப்பிள்ளை சார், இனிமே பெரிய சார்" என்றான். கூட்டிப் பார்த்த புள்ளி குறைந்ததே, எப்படி வந்தது என்று இவருக்கு ஒரு நெருடல் இருந்தது. அந்த நெருடல் தீர ஒரு மணிநேரம்தான் ஆனது. முதல்வர் அலுவலகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கல்லூரி நாள் விழாவில் 'தங்கள் தலைமையில் இயங்கும் இசைக் குழு' அரை மணி நேரம் நிகழ்ச்சி வழங்க வேண்டும். அதே கையோடு கலைக் குழுவின் பொறுப்பும் தங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசைமேல் வைத்தார். மனைவி படித்தார். முகம் மலர்ந்துதான் படித்தார், பாவம்.

"நாலரை மணி வரைக்கும் காலியா வச்சிருந்தேங்க. மனசு கேக்கல. சாட்சிக்கு ஒரு போன் நம்பர் கேட்டுச்சு, பல் டாக்டர் சீட்டுல இருந்த நம்பரைப் போட்டேன்."

"நான் வேண்டாம்னு சொன்னேனே."

"உங்க ஆராய்ச்சியே அதுதானே? காலியா இருக்கற கட்டத்தை, பக்கத்துல இருக்கறதை வச்சு நிரப்பறது. நான்தானே டைப் அடிச்சேன்" என்று சிரித்தார் மனைவி. பிறகு இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "பதினாலு வருஷமா உங்க பேருக்கு முன்னாடி அந்த 'இணை'யைப் பார்த்துட்டு இருக்கேன். எனக்கு வலிக்காதா?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபம் வரவில்லை. கெட்ட எண்ணத்தில் பூட்டினவர்களிடம் சண்டை போடலாம். இவரை ஆசையாக அல்லவா உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். "சாப்பாடு போடு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போகாமலே இருந்துவிடலாமா என்று தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றார். கல்லூரி அலுவலகத்திலிருந்து டாக்டருக்குப் போன் போயிருக்கும். ஒருவேளை போயிருக்காது. டாக்டர்தான் அதிகம் பேசாதவராயிற்றே, மற்றவர்களிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படி ஏறினார்.

காத்திருப்பு அறையில் அவர் வழக்கமாக உட்காரும் முதுகு உடைந்த நாற்காலியைக் காணோம். டாக்டருடைய மெத்தை வைத்த சுழல் நாற்காலி நடுவில் போடப்பட்டிருந்தது. ஓட்டுநர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார். ஒன்பது வருடத்தில் அவர் யாருக்கும் எழுந்து இவர் பார்த்ததில்லை.

"வாங்க சார்."

"என்ன புதுசா சார்? எப்பவும் போலக் கூப்பிடுங்க" என்றார் பேராசிரியர். குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

"ஐயோ, அது எப்படிங்க? யாருன்னு தெரியாம வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க சார். பொண்ணு நல்லாப் படிக்கும். இன்னும் ஒரு வருஷம் இருக்கு அதுக்கு." ஓட்டுநரின் கை டிரம் குச்சிகளை உருட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணு பேப்பரை நான் திருத்தறதே இல்லைங்க. வேற ஒருத்தர்தான்."

"சரிங்க சார். நீங்க பார்த்துச் செய்வீங்கன்னு தெரியும் சார்."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இருபது வருஷமா இந்தப் பல் படத்துக்கு முன்னாடியே வாசிச்சுட்டு இருக்கோம். நமக்கும் ஒரு மேடை வந்துச்சு பாருங்க, உங்க புண்ணியத்துல" என்று நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டைத் துணி காட்டினார். நீலம். வெட்டியே ஆகிவிட்டது. விழாவில் வாசிக்க முடியாது என்று சொல்ல வந்தவர், அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு அக்கா" என்றார்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். வாராவாரம் பழகிய பாட்டுத்தான். இரண்டாவது பகுதியில் வழக்கம்போல அவருக்கு வேகம் பிடித்தது. பிடித்தது என்று அவருக்கே தெரிந்தது. எப்போது அதட்டல் வரும் என்று ஒரு காதை ஓட்டுநர் பக்கம் வைத்துக்கொண்டே ஊதினார். அதட்டல் வரவில்லை. டிரம்மும் கூடவே வேகம் பிடித்தது. வயலின் பின்னாலேயே ஓடியது. அக்கா மூச்சு வாங்க விரல்களை ஓட்டினார். நான்கு பேரும் தலைதெறிக்க ஓடி முடித்தார்கள்.

"நான் ஓடிட்டேன்" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார், நான்தான் கொஞ்சம் பின்தங்கிட்டேன்" என்றார் ஓட்டுநர். "உங்க வேகத்துலயே போலாம் சார்."

"மறுபடி எடுப்போம்."

இந்தத் தடவை வேண்டுமென்றே தப்பாக வாசித்தார். மெதுவாக இறங்க வேண்டிய இடத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு சுரத்தைப் பிடித்து, கீச்சென்று நீட்டினார். குழந்தைக்குக்கூடப் பல் கூசும். நீட்டியபடியே ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். திட்டுய்யா, ஒரே ஒரு தடவை திட்டு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஓட்டுநர் குனிந்து டிரம்மைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த இடம் புதுசா இருக்கு சார். நல்லா இருக்கு."

அக்கா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்தச் சுரம் எதுவென்று அக்கார்டியனில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, தன் தாளில் பழைய சுரத்தைக் கோடிட்டு அடித்து அந்தப் புதுச் சுரத்தை எழுதினார். டாக்டர் எட்டிப் பார்த்துத் தன் தாளிலும் எழுதிக்கொண்டார்.